பழைய டெம்போவும் பின் ஆக்ஸிலும்

மும்பையிலும் அதைச் சுற்றியுள்ள தாணே, டோம்பிவிலி, கல்யாண், பன்வேல் பகுதிகளிலும் வசிக்கும் நம்மவர்களில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் ஒரு பக்கம் என்றால் சொந்தத் தொழில் செய்பவர்கள் இன்னொரு பக்கம். இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுபவர்கள், வாழையிலையும் தேங்காயும் விற்பவர்கள், மளிகைக்கடைக்காரர்கள், கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவர்கள், பழைய இரும்பு வியாபாரிகள் என்று பட்டியல் நீளும். தொழில் எதுவானாலும் கொஞ்சம் கால் ஊன்றியதும் எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும். புது வண்டிக்குக் கையில் பணம் போதாது. வங்கிக்குப் போனால் காகிதத்துக்கு மேல் காகிதம் கேட்கிறார்கள். ஆகவே ஆறு, ஏழு வருடம் ஓடிய பழைய வண்டி.

இந்த ஊரில் பிக்கப் என்று சொல்பவர் குறைவு. முன்னால் ஓட்டுநர் அறையும் பின்னால் திறந்த பெட்டியும் இருந்தால் அது டெம்போதான். பஜாஜ் டெம்போ கம்பெனியே 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. மும்பைக்காரரின் வாயிலிருந்து மட்டும் டெம்போ போகவில்லை. நாமும் அப்படியே சொல்லுவோம்.

பழைய டெம்போ வாங்கியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். என்ஜினைப் பற்றிக் குறை சொல்பவர்களைவிடப் பின் ஆக்ஸிலைப் பற்றிப் புலம்புபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். "சீல் மாத்தினேன், ஒரே மாசத்துல மறுபடி ஒழுகுது", "பேரிங் போட்டேன், மறுபடி சத்தம்", "கிரௌன் பினியனே மாத்தியாச்சு, இன்னும் ஊளையிடுது." என்ஜின் கோளாறு என்றால் ஒரு முறை பெரிய செலவு, அதோடு தீர்ந்தது. பின் ஆக்ஸில் அப்படியில்லை. போனதாக நினைத்துக் கதவைச் சாத்தினால், அடுத்த மாதம் மூட்டை முடிச்சோடு திரும்பி வரும் உறவினரைப் போல வந்து நிற்கும்.

ஏன் இப்படி? கெட்டுப்போன பாகத்தை மாற்றுகிறோமே தவிர அதைக் கெடுத்தது எது என்று பார்ப்பதில்லை. பின் ஆக்ஸிலில் கெடும் பாகம் பெரும்பாலும் அடி வாங்கியதுதான். அடித்தது வேறு இடத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். நம் அன்பர் ஒருவரின் அனுபவத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

அண்ணாச்சியின் டெம்போ

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஆகவே அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். டோம்பிவிலியில் குடியிருக்கிறார். வாஷி மார்க்கெட்டில் வெங்காயம், உருளைக்கிழங்கு எடுத்துச் சில்லறைக் கடைகளுக்குப் போடுவது தொழில். வாடகை டெம்போவுக்கே லாபத்தில் பாதி போகிறது என்று, 2021 கடைசியில் மனைவியின் நகைகளை அடகு வைத்து, ஏழு வருடம் ஓடிய வண்டி ஒன்றை வாங்கினார். என்ஜின் நன்றாக இருந்தது. பெட்டிக்குப் புதுப் பெயின்ட். அடியிலும் கறுப்புப் பெயின்ட் பளபளவென்று அடித்திருந்தார்கள்.

அவர் மனைவிக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு செலவையும் தேதியோடு நோட்டில் எழுதுவார். அந்த நோட்டைப் புரட்டினால் கதை தானே தெரியும். 2022 மார்ச்சில் இடது பின் சக்கரத்தில் ஆயில் ஒழுகல், சீல் மாற்றம், 900 ரூபாய். மே மாதம் அதே பக்கம், அதே சீல், அதே 900. ஜூலையில் உறுமல் சத்தம். இடது பக்க பேரிங்கும் ஷாஃப்ட்டும், 9,400. தீபாவளிச் சமயம், அக்டோபரில், கிரௌனில் பல் உடைந்தது. பழைய சாமான் மார்க்கெட்டில் வாங்கிய கிரௌன் பினியனைப் பொருத்தக் கூலியோடு 27,500. ஆக 38,700 ரூபாய், வண்டி நின்ற நாட்களின் நஷ்டம் தனி.

2023 ஜூனில் ஒரு விடியற்காலை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, ஷீல் பாட்டாவைத் தாண்டிக் கல்யாண் சாலையில் வரும்போது இடது ஷாஃப்ட் முறிந்தது. சக்கரம் டிரம்மோடு கழன்று முன்னால் ஓடித் தடுப்புச் சுவரில் மோதி விழுந்தது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்துகொண்டே போய் நின்றது. பின்னால் வேறு வண்டி நெருங்கி வராததும், ஓரத்தில் யாரும் நடக்காததும்தான் அதிர்ஷ்டம். மூட்டைகள் சேற்றில் கிடந்தன. மகளுக்கு அடுத்த மாதம் பொறியியல் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டும். "வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நான் கம்பெனியிலே செக்யூரிட்டி வேலைக்குப் போறேன்" என்று அண்ணாச்சி சொல்ல, "யார் தலையிலே தள்ளுவீங்க? அவங்க வீட்டிலும் பிள்ளைங்க இருக்கும்லா?" என்று மனைவி கேட்டாராம்.

உள்ளே என்ன இருக்கிறது?

மாட்டு வண்டியின் அச்சைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. அங்கே அச்சு சுழலாது; சக்கரம்தான் அதன்மேல் சுழலும். பாரத்தைத் தாங்குவதோடு அச்சின் வேலை முடிந்தது, இழுப்பது மாடு. டெம்போவின் பின் ஆக்ஸிலுக்கோ இரண்டு வேலை. பாரத்தையும் தாங்க வேண்டும், என்ஜின் தரும் சுழற்சியைச் சக்கரத்துக்கும் கொடுக்க வேண்டும்.

வெளியே தெரியும் இரும்புக் குழாய்க்கு ஹௌசிங் என்று பெயர். நடுவில் பானை போலப் பருத்திருக்கும். பானைக்குள் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் கிரௌன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும். கிரௌனில் 41 பல், பினியனில் 9 பல் என்றால் பினியன் சுமார் நாலரைச் சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்; வேகம் குறைந்து இழுவை கூடும். கிரௌனோடு சேர்ந்திருக்கும் டிஃபரென்ஷியல், வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடுதலாகவும் உள் சக்கரம் குறைவாகவும் சுழல வழி செய்கிறது. அங்கிருந்து இரு புறமும் ஆளுக்கொரு ஷாஃப்ட் சக்கரம் வரை போகும். கோடியில் பேரிங், ஆயில் வெளியே வராமல் தடுக்க ரப்பர் உதடு வைத்த சீல்.

பெரிய லாரிகளில் சக்கரத்தின் பாரத்தை ஹௌசிங்கே தாங்கிக்கொள்ளும். ஷாஃப்ட்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும்தான். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். இதை ஃபுல் ஃப்ளோட்டிங் என்பார்கள். சிறிய வண்டிகள் பலவற்றில் செமி ஃப்ளோட்டிங். அதாவது சக்கரம் நேராக ஷாஃப்ட்டின் முனையிலேயே மாட்டப்பட்டிருக்கும். பாரமும் ஷாஃப்ட் மேல், சுழற்சியும் ஷாஃப்ட் மேல். பேரிங்குக்கு வெளியே முறிந்தால் அண்ணாச்சிக்கு நடந்ததுதான் நடக்கும்.

களம்போலி மெக்கானிக்

யாரோ சொல்லி, வண்டியைக் களம்போலிக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே லாரி நிறுத்தங்களை ஒட்டி நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட வயதான மெக்கானிக் ஒருவர். அண்ணாச்சி, "அண்ணே, புது ஷாஃப்ட் ஒண்ணு போட்டுக் கொடுங்க, நாளைக்கு லோடு இருக்கு" என்றார். மெக்கானிக் ஷாஃப்ட்டைப் பற்றிப் பேசவே இல்லை. முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"பாருங்க தம்பி. இந்தப் பாதி வழவழன்னு துருப்பிடிச்சுக் கிடக்குது. மிச்சப் பாதிதான் புதுசா, பொறுபொறுன்னு இருக்குது. இது இன்னிக்கு முறிஞ்சதில்லீங்க. எத்தனையோ வாரமா வெடிச்சுக்கிட்டே வந்து, மிச்சம் இருந்தது இன்னிக்குப் போச்சு."

இதை இரும்பின் களைப்பு என்று பொறியியலில் சொல்வார்கள். ஷாஃப்ட் பாரத்தால் ஒரு மயிரிழை வளைகிறது. சுழலும்போது மேலே இருந்த பக்கம் கீழே வருகிறது, கீழே இருந்தது மேலே போகிறது. டெம்போச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 தடவை சுழலும். ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைப்பு. கம்பித் துண்டை இரு பக்கமும் மாறிமாறி வளைத்து உடைக்கிறோமே, அதேதான். கொஞ்சம் மெதுவாக நடக்கிறது.

பிறகு மெக்கானிக் நோட்டைக் கேட்டார். கூலியைப் பற்றிச் சண்டை போடத்தான் அண்ணாச்சியின் மனைவி நோட்டோடு கூட வந்திருந்தார். "அம்மிணி, இதை நீங்களா எழுதுனீங்க? ரொம்ப நல்லதாப் போச்சு" என்று வாங்கிப் படித்தவர், இரண்டு கேள்வி கேட்டார். எல்லாம் ஏன் இடது பக்கமே? பழுது வந்த மாதங்களில் எத்தனை மூட்டை ஏற்றினீர்கள்? மூட்டைக் கணக்கும் அதே நோட்டில் இருந்தது. அதன் பிறகு அரை நாளில் அவர் கண்டுபிடித்தவை இவை.

முதலாவது பிரீதர். ஹௌசிங்கின் மேல்புறம் விரல் நுனி அளவில் ஒரு மூச்சுக்குழல் இருக்கும். ஒரு மணி நேரம் ஓடினால் உள்ளே இருக்கும் ஆயிலும் காற்றும் சூடேறி விரியும். விரிந்த காற்று இந்த வழியாக வெளியே போகும். விற்றவர் பளபளவென்று அடித்திருந்த கறுப்புப் பெயின்ட்டும் அதன்மேல் படிந்த சேறும் சேர்ந்து அதை அடைத்துவிட்டன. போக வழியில்லாத காற்று சீல் வழியாக ஆயிலைத் தள்ளியது. "சீலு என்னங்க பண்ணும், பாவம்?" என்றார் மெக்கானிக். நூறு ரூபாய்கூடப் பெறாத சாமான்.

மும்பையில் இந்தப் பிரீதரை நினைவில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. 2005 ஜூலை 26-ம் தேதி சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை யாரும் மறக்கவில்லை. அவ்வளவு வேண்டாம், சாதாரண மழைக்காலத்திலேயே ஹிந்த்மாதா, மிலன் சப்வே என்று தண்ணீர் தேங்குவதற்குப் பெயர் பெற்ற இடங்கள் இருக்கின்றன. சூடாக ஓடிவந்த ஆக்ஸில் முழங்கால் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து இழுக்கும். அப்போது பிரீதரோ சீலோ தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். தண்ணீர் கலந்த கியர் ஆயில் பால் விட்ட தேநீர் போல இருக்கும். அதில் ஓடும் பேரிங் துருப்பிடித்து, குழி விழுந்து, சில வாரங்களில் உறும ஆரம்பிக்கும். அண்ணாச்சியின் ஜூலை மாத பேரிங் இப்படிப் போயிருக்கும் என்பது மெக்கானிக்கின் கணிப்பு. மழைத் தண்ணீரும் சாலைச் சரிவும் பள்ளங்களும் ஓரத்தில், அதாவது இடது பக்கம்தானே? இதற்குப் பரிகாரம், பிரீதர் வாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிச் சேஸிஸுக்கு மேல் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டுவது. முழங்கால் தண்ணீரில் ஓட்டிய வண்டிக்கு மறுநாளே ஆயில் மாற்றுவது.

இரண்டாவது, ஹௌசிங் வளைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது. டயர் சொல்லும். பின் டயர்கள் இரண்டும் உள் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தன. ஸ்பிரிங் நடுப்பக்கமாக அழுத்துகிறது. சக்கரங்கள் இரு கோடியிலும் மேலே தாங்குகின்றன. அளவுக்கு மீறினால் குழாய் நடுவில் தொய்ந்து, சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும். அப்படி வளைந்த குழாயில் ஷாஃப்ட் சீலின் நடுவே ஓடாமல் ஒரு பக்கம் உரசியபடி ஓடும். அதில் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும், எத்தனை பேரிங் போட்டாலும் போகும். இரண்டு மெக்கானிக்குகள் நான்கு தடவை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஹௌசிங்கை அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷாஃப்ட்டில் சீல் உதடு ஓடி ஓடி ஒரு பள்ளக் கோடு விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பதும் இதில் சேர்த்தி. அந்தப் பள்ளத்தின் மேலேயே புது சீலை உட்காரவைத்தால் முதல் நாளே கசியும்.

மூன்றாவது, ஸ்பிரிங் பட்டைகள். இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் கமானி என்பார்கள். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பட்டை கூடுதலாக இருந்தன. முந்தைய சொந்தக்காரர் செய்த வேலை. அண்ணாச்சிக்கு இது சந்தோஷமாகத்தான் இருந்ததாம். "எவ்வளவு ஏத்தினாலும் வண்டி தொங்கவே தொங்காது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தொங்காது, சரி. பாரம் எங்கே போகும்? பட்டை சேர்த்ததால் ஹௌசிங்கோ ஷாஃப்ட்டோ பேரிங்கோ பலப்படவில்லை. பாரம் அதிகம் என்று வண்டி தொங்கிக் காட்டிய எச்சரிக்கை மட்டும் நின்றுபோனது. பட்டை விறைத்துப்போனதால் பள்ளத்தில் விழும் அடியும் முன்னைவிடப் பலமாக ஆக்ஸிலில் இறங்கியது.

நான்காவதாக அக்டோபரில் போட்ட கிரௌன் பினியன். மும்பைக்குக் குர்லா, தில்லிக்கு மாயாபுரி, கல்கத்தாவுக்கு மல்லிக் பஜார், ஊரில் புதுப்பேட்டை என்று பழைய சாமானுக்கென்றே இடங்கள் இருக்கின்றன. அங்கே நல்ல சாமான் கிடைக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கிரௌனும் பினியனும் தம்பதி மாதிரி. தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடு ஒன்று தேய்த்துச் சேர்த்து ஒரே ஜோடி எண்ணைப் பொறித்து அனுப்புகிறார்கள். அண்ணாச்சிக்குக் கிடைத்ததில் கிரௌனில் ஒரு எண், பினியனில் வேறு எண். பற்கள் சரியாகக் கௌவாமல் ஊளைச் சத்தம் அதனால்தான். ஜோடி சரியாக இருந்தாலும், இடைவெளியை ஷிம் தகடு வைத்து அளந்து, பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, பல்லின் நடுவில் கௌவுகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். பினியன் பேரிங்குகளுக்கு இடையில் நசுங்கும் வளையம் வைத்த வண்டிகளில் அதை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். கழற்றினால் புதிது போட வேண்டும். "சலேகா சேட்" என்று சொல்லிப் பழையதையே திருகுகிற ஆசாமிகளிடம் ஜாக்கிரதை.

மூட்டைக் கணக்கு

இந்த நான்குக்கும் பின்னால் நிற்பது பாரம். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வெறும் எடையும், ஏற்றிய பின் இருக்கக்கூடிய மொத்த எடையும் அச்சாகியிருக்கும். அண்ணாச்சியின் வண்டியில் இரண்டுக்கும் வித்தியாசம் 1,250 கிலோ. வெங்காய மூட்டை 50 கிலோ என்றால் 25 மூட்டை. ஓட்டுபவரும் கூட வரும் பையனும் அந்த மொத்தத்துக்குள் அடக்கம் என்பதால் உண்மையில் 22, 23 மூட்டைதான். நோட்டின்படி சாதாரண நாட்களில் அவர் ஏற்றியது 32. தீபாவளி வாரத்தில் 40 வரை போயிருக்கிறது. 40 மூட்டை என்றால் 2,000 கிலோ. பெட்டி பின் சக்கரங்களின் மேலேயே இருப்பதால் இந்த அதிகப்படி முழுவதும் ஏறக்குறையப் பின் ஆக்ஸில் தலையில்தான். வண்டி பள்ளத்தில் விழுந்து எழும் கணத்தில் அது இன்னும் பெருகும்.

பேரிங் செய்பவர்கள் ஆயுளைக் கணக்கிட ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். பந்து பேரிங்கின் ஆயுள், அதன் மேல் விழும் பாரத்தின் மும்மடிக்கு எதிர் விகிதத்தில் குறையும். பாரம் கால் பங்கு கூடினால் ஆயுள் பாதியாகிறது. பாரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. உருளை பேரிங்குக்கு இதைவிடச் சற்று மோசம். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவர்கள்தாம் நாம் எல்லோரும். வெங்காயம் மயிலிறகு அல்ல.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதிகமாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. அதிகப்படியை இறக்கும் செலவும் நம் தலையில். விடியற்காலையில் யார் பிடிக்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

ஆனால் பாரத்தைக் குறை என்று பத்திரிகையில் எழுதுவது சுலபம், வியாபாரிக்கு அது சுலபமல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாஷிக்கு ஒரு நடை போய்வரும் டீசல், சுங்கம், கூலி எல்லாம் 22 மூட்டைக்கும் ஒன்றுதான், 40 மூட்டைக்கும் ஒன்றுதான். லாபம் மேலே இருக்கும் மூட்டைகளில்தான் இருப்பதாகத் தோன்றும். அண்ணாச்சியும் மனைவியும் ஓர் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டார்களாம். பதினைந்து மாதத்தில் அதிகப்படி மூட்டைகளால் கிடைத்ததை ஒரு பக்கமும், பழுதுக்குக் கொடுத்ததையும் வண்டி நின்ற நாட்களையும் டயரையும் இன்னொரு பக்கமும் எழுதினார்கள். இரண்டும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. கழன்று ஓடிய சக்கரத்துக்கு என்ன விலை போடுவது என்று தெரியாமல் அதை விட்டுவிட்டார்கள்.

கடைசியில் செய்தது இது. வளைந்த ஹௌசிங்கைச் சூடுகாட்டி நிமிர்த்தலாம் என்று வேறொருவர் சொன்னதை மெக்கானிக் ஒப்புக்கொள்ளவில்லை. சூடுகாட்டிய இரும்பு பழைய பலத்தோடு இருக்காது என்றார். நேராக இருக்கும் பழைய ஹௌசிங் ஒன்றைத் தேடி, அளந்து பார்த்து எடுத்தார்கள். ஜோடி எண் பார்த்து வாங்கிய கிரௌன் பினியன், இரு பக்கமும் புது ஷாஃப்ட், பேரிங், சீல், புதிய கியர் ஆயில், உயரத்தில் கட்டிய பிரீதர் குழாய். கூடுதல் பட்டைகளைக் கழற்றிப் போட்டார்கள். எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். கல்லூரிப் பணத்தில் ஒரு பகுதியைச் சங்கத்து நண்பர் ஒருவர் கைமாற்றாகக் கொடுத்தார். இப்போது 23 மூட்டை; வாரத்தில் மூன்று நாள் இரண்டு நடை. அதற்கும் மேல் சரக்கு வந்தால் பக்கத்துத் தெரு வண்டிக்காரரோடு பங்கு போட்டுக்கொள்கிறார். வருமானம் முன்னைவிடக் கொஞ்சம் குறைவுதான். 2023 ஜூலையில் பொருத்திய இடது சீலை 2025 மார்ச்சில் ஒரு முறை மாற்றியிருக்கிறார்கள். நோட்டில் பின் ஆக்ஸில் என்ற தலைப்பில் அதையும் ஆயில் செலவையும் தவிர வேறு இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய டெம்போ பார்க்கப் போகிறவர்கள் என்ஜினைக் கேட்டு மயங்காமல் ஐந்து நிமிஷம் பின்னால் குனியுங்கள். அடியில் புதுப் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். பின் சக்கரங்களின் உள்பக்கம், டிரம் மூடித் தகட்டில் ஆயில் வழிந்த தடம் இருக்கிறதா? இருந்தால் பிரேக் லைனிங்கும் நனைந்திருக்கும். ஒழுகும் சீலில் ஆயில் நஷ்டம் சின்ன விஷயம், ஒரு சக்கரம் பிடிக்காமல் போவதுதான் ஆபத்து. இரு பக்கமும் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். ஹௌசிங்கில் வெல்டிங் தழும்பு இருந்தால் பேரமே வேண்டாம். டயர் உள் ஓரத் தேய்மானத்தைத் தடவிப் பாருங்கள், புது டயர் போட்டிருந்தால் பழையது எங்கே என்று கேளுங்கள்.

ஆயில் அளவு பார்க்கும் பக்கவாட்டு நட்டைக் கழற்றச் சொல்லுங்கள். சமதரையில் ஆயில் அந்தத் துளையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். அதற்கு மேல் ஊற்றினாலும் கெடுதல்தான். விரலில் எடுத்துப் பார்த்தால் பால் நிறம் தண்ணீர். மினுமினுத் தூள் பல்லோ பேரிங்கோ தேய்ந்தது. ஆயில் நட்டில் காந்தம் இருந்தால் அதில் கொஞ்சம் பசை போன்ற இரும்புத் தூள் இருப்பது சகஜம், சில்லுகள் இருப்பது சகஜமல்ல.

பிறகு ஓட்டிப் பாருங்கள், கண்ணாடியை இறக்கி, ரேடியோவை நிறுத்திவிட்டு. (விற்பவர் பாட்டுப் போட்டால் அதற்கும் ஒரு காரணம் இருக்கலாம்.) ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, விடும்போது சத்தம் மாறினால் கிரௌன் பினியன். வேகத்தோடு கூடும் உறுமல், வலது பக்கம் வளைக்கும்போது அதிகமானால் பெரும்பாலும் இடது பேரிங். இடது பக்கம் வளைக்கும்போது என்றால் வலது. வளையும்போது மட்டும் கடகடவென்றால் டிஃபரென்ஷியலின் உள் பற்கள். கியர் போட்டு நகரும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் 'டொக்' என்று ஒரு அடி விழுந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸைத்தான் முதலில் பாருங்கள். அது மலிவான பழுது, அதை ஆக்ஸில் பழுது என்று சொல்லிப் பணம் பிடுங்குபவர்கள் உண்டு. பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் இரண்டு பின் டிரம்முக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட்டுவிடாமல். ஒன்று மற்றதைவிட மிகவும் சூடாக இருந்தால் பேரிங்கோ பிரேக் பிடித்துக்கொண்டதோ இரண்டில் ஒன்று.

ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்பிரிங் பட்டை வேலை பார்த்தால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். பட்டைகள் அமர்ந்து இளகும்; இளகியபடி ஓடினால் நடு போல்ட் அறுந்து ஆக்ஸிலே ஒரு பக்கம் நகர்ந்துவிடும், வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போகும். கியர் ஆயிலில் கம்பெனி கையேட்டில் சொன்ன தரத்தையே ஊற்றுங்கள். மிச்சமிருக்கும் என்ஜின் ஆயிலை ஊற்றிச் சமாளிப்பது இந்தப் பற்களுக்கு ஆகாது. அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடி கௌவுகின்றன, அந்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து கியர் ஆயிலில்தான் இருக்கிறது.

காகித விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது நீக்கப்பட்டதற்கான படிவம் 35-ஐயும் நிறுவனத்தின் கடிதத்தையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். அதே ஆர்.சி.யில் மொத்த எடையைப் பார்த்து, உங்கள் தொழிலுக்கு ஒரு நடைக்கு எத்தனை மூட்டை தேவை என்று அங்கேயே ஒரு சீட்டில் எழுதிக் கழித்துப் பாருங்கள். கணக்கு இடித்தால் அந்த வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அடுத்த அளவு வண்டியைத் தேடுங்கள்.